சீனத் துப்பாக்கி கற்பிக்கும் பாடம்

ஒரு தேசம் சுதந்திரமுடையதா அன்றா என்பதை அதன் கொடியை மட்டும் பார்த்து நிர்ணயித்துவிட முடியாது. அக்கொடியைக் காக்க நிற்கும் சிப்பாயின் தோளில் தொங்கும் துப்பாக்கி எங்கே செய்யப்பட்டது? அதன் குழலுக்கு வேண்டிய உருக்கு யாருடைய உலையில் காய்ச்சப்பட்டது? கையிலுள்ள தோட்டா தீர்ந்துபோனால் அடுத்த தோட்டாவைக் கொடுப்பவன் யார்? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லலாகும். சென்ற நூற்றாண்டில் இக்கேள்விகளுக்குத் தன் இரத்தத்தால் விடை எழுத நேர்ந்த தேசம் சீனம். ஜப்பானியரை எட்டு வருஷ காலம் எதிர்த்து நின்ற அத்தேசத்துக் காலாட்படையின் கையில் இருந்த "சுங்-செங்" துப்பாக்கியின் சரித்திரத்தை இன்று நமது வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். ஆயுதப் பித்தர்களின் பொழுதுபோக்குக்காக அன்று. அச்சரித்திரத்தில் நமது தேசத்துக்கும் ஒரு பாடம் அடங்கியிருப்பதால் இதனை எழுதத் துணிந்தோம்.

அச்சரித்திரம் ஹான்யாங் நகரத்தில் தொடங்குகிறது. மஞ்சு சக்கரவர்த்திகளின் ஆட்சி தள்ளாடிக் கொண்டிருந்த காலத்தில், சாங் சி-துங் என்ற ராஜப் பிரதிநிதி, யாங்ட்ஸி நதிக்கரையில் இரும்பு உருக்காலையையும் அதனருகே ஓர் ஆயுதசாலையையும் அமைத்தார். இரும்பும் துப்பாக்கியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று அவர் கண்டது தீர்க்கதரிசனமே. 1895-ஆம் வருஷ முதல் அங்கே, ஜெர்மனியின் 1888-ஆம் வருஷத்துத் துப்பாக்கியை மாதிரியாகக் கொண்ட "ஹான்யாங்" துப்பாக்கி உற்பத்தியாயிற்று. 1911 அக்டோபர் 10-ஆந் தேதியன்று வூசாங் நகரத்தில் புரட்சிக் கொடி ஏறியபோது, புரட்சிக்காரர் விரைந்து கைப்பற்றிய ஸ்தானங்களில் இந்த ஆயுதசாலையும் ஒன்று. சக்கரவர்த்தியைக் காக்கச் செய்த துப்பாக்கி சக்கரவர்த்தியையே வீழ்த்தப் பயன்பட்டது. ஆயுதத்துக்கு ராஜபக்தி கிடையாது என்பதை அன்றே சீனம் உலகுக்குக் காட்டிற்று.

ஆனால் முடியரசு போன இடத்தில் நல்லரசு வரவில்லை. 1916 முதல் 1928 வரையில் சீனம் பல சேனாதிபதிகளின் வேட்டைக்காடாயிற்று. மாகாணத்துக்கு ஒரு அதிபதி. அதிபதிக்கு ஒரு சைன்யம். சைன்யத்துக்கு ஓர் ஆயுதசாலை. மத்திய யாங்ட்ஸியில் ஹான்யாங் துப்பாக்கி. மஞ்சூரியாவில் சாங் சோ-லின் நிறுவிய முக்டன் ஆயுதசாலையில், மௌஸர் துப்பாக்கியும் ஜப்பானியத் துப்பாக்கியும் கலந்த ஒரு மாதிரி. ஷான்ஸியில் யென் ஷி-ஷானின் தாய்யுவான் ஆயுதசாலையில் 6.5 மில்லிமீட்டர் ஜப்பானிய மாதிரி. தெற்கே ஒரு காலத்தில் 6.8 மில்லிமீட்டர்க் குழல். ஒருவனுடைய தோட்டா மற்றொருவனுடைய துப்பாக்கியில் ஏறாது. தேசம் துண்டுபட்டது தேசப்படத்தில் தெரிவதற்கு முன்னே தோட்டாப் பெட்டிகளில் தெரிந்தது.

வல்லரசுகளும் சும்மா இருக்கவில்லை. 1919-ஆம் வருஷத்தில் பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான் முதலிய தேசங்கள் கூடி, சீனத்தில் ஒரே சர்க்கார் ஏற்படும் வரையில் அங்கே ஆயுதம் விற்பதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. 1929 வரை அத்தடை நீடித்தது. தடை காகிதத்தில் இருந்தது. துப்பாக்கிகள் கள்ள வழியில் வந்துகொண்டே இருந்தன. ஆயினும் ஓர் உண்மை வெட்டவெளிச்சமாயிற்று: தன் ஆயுதத்தைப் பிறரிடம் வாங்கும் தேசத்தின் யுத்தமும் சமாதானமும் விற்பவனுடைய சௌகரியத்தைப் பொறுத்தவை.

இத்தகைய நிலைமையில் 1931 செப்டம்பர் 18-ஆந் தேதி இரவு வந்தது. ஜப்பானியர் முக்டனில் தாக்கினர். சீனத்தின் மிகப் பெரிய ஆயுதசாலைகளில் ஒன்றும், அதில் குவிந்திருந்த துப்பாக்கிகளும் மறுநாளே எதிரியின் கைவசமாயின. அதற்குப் பிறகே நான்கிங் சர்க்கார் கண் விழித்தது என்று கூறுவது மிகையாகாது. ஆயுத இலாகாவின் தலைமைக்கு 1933-இல் யூ தா-வெய் என்பவர் வந்தார். இவர் சேனாதிபதியல்லர், ஹார்வார்டில் பட்டம் பெற்று, பெர்லினில் பயின்று, கணித தர்க்கத்தில் ஆராய்ச்சி செய்த வித்துவான். துப்பாக்கி விஷயத்துக்குக் கணித வித்துவான் எதற்கு என்று கேட்பவர் இருக்கலாம். சீனத்துக்கு அப்பொழுது வேண்டியிருந்தது வீரமன்று. வீரம் அங்கே தாராளமாக இருந்தது. வேண்டியிருந்தது அளவு.

இந்த "அளவு" என்ற விஷயத்தை நமது வாசகர்கள் நன்கு கவனிக்க வேண்டும். கைத்திறமுள்ள கொல்லன் ஒருவன் அரமும் சுத்தியலும் கொண்டு ஒரு நல்ல துப்பாக்கியைச் செய்துவிடலாம். ஆனால் அவன் செய்த நூறு துப்பாக்கிகளில் ஒன்றின் திறவுகட்டை மற்றொன்றில் பொருந்தாது. போர்முனையில் ஒரு சிறு உறுப்பு ஒடிந்தால் துப்பாக்கி முழுவதுமே வெறும் தடியாகிவிடும். நவீன ஆயுதசாலை அப்படியன்று. அங்கே ஒவ்வோர் உறுப்பையும் சோதிக்க அளவுக் கருவிகள் உண்டு. அக்கருவிகளைச் சோதிக்க மூல அளவுக் கருவிகள் உண்டு. இந்த ஒழுங்கு இருந்தால்தான் எந்தத் துப்பாக்கியின் உறுப்பும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்தும். நான்கிங் சர்க்கார் ஜெர்மனியின் மௌஸர் கம்பெனியிடம் துப்பாக்கிகளை மட்டும் வாங்கவில்லை. "ஸ்டாண்டர்டு மாடல்" என்ற அதன் துப்பாக்கியின் வரைபடங்களையும் அளவுக் கருவிகளையும் பெற்றது. விலை கொடுத்துத் துப்பாக்கி வாங்குபவன் பொருளை வாங்குகிறான். வரைபடமும் அளவும் வாங்குபவன் வித்தையை வாங்குகிறான்.

1935-ஆம் வருஷத்தில் ஹெனான் மாகாணத்தைச் சேர்ந்த குங்ஷியன் ஆயுதசாலையில் உற்பத்தி தொடங்கிற்று. அது சீனக் குடியரசின் 24-ஆவது வருஷமாதலால், முதலில் "24-ஆம் வருஷ மாதிரி" என்று பெயர் இட்டனர். அப்பால் தேசத்தலைவர் சியாங்-கே-ஷேக்கின் பெயரைச் சூட்டினர். "சுங்-செங்" என்பது அவருடைய மற்றொரு பெயர். நீளம் ஏறக்குறைய 1,110 மில்லிமீட்டர், எடை சுமார் 4 கிலோகிராம், ஒரு தடவைக்கு ஐந்து தோட்டா, குழல் 7.92 மில்லிமீட்டர். எதிரியின் 38-ஆம் மாதிரித் துப்பாக்கி இதைவிட ஏறக்குறைய ஒரு சாண் நீளமானது, 6.5 மில்லிமீட்டர் இலேசான குண்டைச் சுடுவது. பிற்பாடு, 1939-இல், ஜப்பானியரே 7.7 மில்லிமீட்டர்த் துப்பாக்கிக்கு மாறினர். சீனப் போர்முனையில் கண்ட அனுபவமும் அதற்கு ஒரு காரணம்.

துப்பாக்கியைக் காட்டிலும் முக்கியமானது தோட்டா. செக்கோஸ்லோவேகியாவின் இலகு யந்திரத் துப்பாக்கியும், சீனத்திலேயே செய்த மாக்ஸிம் யந்திரத் துப்பாக்கியும், பெல்ஜியத்திலிருந்தும் செக் தேசத்திலிருந்தும் வந்த மௌஸர் ரகங்களும் அதே 7.92 மில்லிமீட்டர்த் தோட்டாவை ஏற்பவை. ஒரே தோட்டா, தேசம் முழுவதற்கும்! மாகாணத்துக்கு ஓர் அளவு என்ற சாபம் முதன்முதலாக நீங்கத் தொடங்கியது. சீனத்தின் ஒற்றுமையைப் பற்றி எத்தனையோ மகாநாடுகளில் தீர்மானங்கள் நிறைவேறின. அத்தீர்மானங்களைவிட இந்தத் தோட்டா அதிக வேலை செய்தது என்பது நமது அபிப்பிராயம்.

மௌஸர் அந்நியனுடையதன்றோ, அதைப் பார்த்துச் செய்தது எப்படிச் சுயமுயற்சியாகும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். இந்த ஆட்சேபத்தில் சாரமில்லை. அமெரிக்கர்கள் தமது 1903-ஆம் வருஷத்துத் துப்பாக்கிக்காக மௌஸர் கம்பெனிக்கு உரிமைப்பணம் செலுத்தியவர்கள். ஜப்பானியரின் துப்பாக்கியிலும் மௌஸரின் சாயல் உண்டு. வித்தையைப் பிறரிடம் கற்பதில் மானக்கேடு இல்லை. கற்காமலே பிறர் கையை என்றென்றும் எதிர்பார்த்து நிற்பதுதான் மானக்கேடு.

ஆனால் சீனத்தின் முயற்சியில் இரண்டு பெருங்குறைகள் இருந்தன. முதலாவது உருக்கு. சாங் சி-துங் ஹான்யாங்கில் அமைத்த உருக்காலை கடனில் மூழ்கி 1920-களில் உருக்குக் காய்ச்சுவதையே நிறுத்திவிட்டது. கடன் கொடுத்தவர் யார்? ஜப்பானியர். அக்கடனுக்கு ஈடாகத் தாயே சுரங்கத்தின் இரும்புக் கல் கப்பல் கப்பலாக ஜப்பானின் யாவாதா உருக்காலைக்குச் சென்றது. ஆக, சீனத்தின் துப்பாக்கிக்கு வேண்டிய நல்ல உருக்கு வெளிநாட்டிலிருந்து விலைக்கு வந்தது. சீனத்தின் இரும்புக் கல்லோ எதிரியின் உலைக்கு இரையாயிற்று. கடன் பத்திரத்தில் கையெழுத்திட்ட மந்திரிகள் ஒரு குண்டும் சுடாமல் எதிரிக்குச் செய்த உதவி இது. பொக்கிஷத்தைக் காப்பதும் எல்லையைக் காப்பதும் வேறு வேறு என்று எண்ணுபவர்கள் இந்த ஓர் உதாரணத்தை மறவாதிருப்பார்களாக.

இரண்டாவது குறை காலம். 1935-இல் தொடங்கிய வேலைக்கு இரண்டே வருஷ அவகாசம் கிடைத்தது. 1937 ஜூலை 7-ஆந் தேதி பீகிங்குக்கு அருகே மார்க்கோ போலோ பாலத்தில் யுத்தம் மூண்டது. அப்பொழுது பதினேழு லட்சம் பேருக்குக் குறையாத சீனச் சேனையில் பெரும்பாலோர் கையில் இருந்தவை பழைய ஹான்யாங் துப்பாக்கியும், சேனாதிபதிகள் காலத்துப் பல ரகங்களுமே. புதுத் துப்பாக்கி ஏந்தியவை, ஜெர்மன் ஆலோசகர்களிடம் பயின்ற பொறுக்கியெடுத்த படைகள். அவை ஆகஸ்டு முதல் நவம்பர் வரை ஷாங்காயில் மலைபோல் நின்றன. மலைபோல் நின்றே மாய்ந்தன. டிசம்பர் 13-ஆந் தேதி நான்கிங் வீழ்ந்தது. தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டத் தொடங்கியவனின் கதி இது. வெட்டிய கிணற்றில் குற்றமில்லை. வெட்டத் தொடங்கிய நாளில்தான் குற்றம்.

வெளிநாட்டு நேசம் எவ்வளவு தூரம் வரும் என்பதையும் சீனம் விரைவில் கண்டது. ஜெர்மனி சீனத்திலிருந்து டங்க்ஸ்டன் தாதுவை வாங்கி, பதிலுக்கு ஆயுதங்களும் யந்திரங்களும் கொடுத்து வந்தது. 1938-இல் ஹிட்லர் ஜப்பானின் பொம்மை ராஜ்யமான மஞ்சுகோவை அங்கீகரித்தான். ஆயுத ஏற்றுமதியை நிறுத்தினான். தளகர்த்தர் பால்கன்ஹௌஸனும் மற்ற ஆலோசகர்களும் ஊர் திரும்ப உத்தரவிட்டான். ருஷ்யாவிடமிருந்து வந்த உதவி, அத்தேசத்துக்கே ஆபத்து வந்தபோது நின்றது. 1940 ஜூலையில், ஜப்பானின் மிரட்டலுக்கு இணங்கி, பிரிட்டிஷ் சர்க்கார் பர்மா ரஸ்தாவை மூன்று மாத காலம் மூடிவிட்டது. முதல் நேசன் கட்சி மாறினான். இரண்டாமவன் தன் வீட்டுத் தீயை அணைக்கப் போனான். மூன்றாமவன் பயந்து கதவைச் சாத்தினான். ஒவ்வொருவனுக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கலாம். அந்த நியாயங்களை வைத்துத் தோட்டா செய்ய முடியாது.

அப்படியிருக்க, சீனம் எட்டு வருஷம் எவ்வாறு நிலைத்தது? அதற்கு விடை போர்க்களத்தில் மட்டும் இல்லை. யாங்ட்ஸி நதியிலும் இருக்கிறது. எதிரியின் விமானங்கள் குண்டு பொழிகையில் குங்ஷியன் ஆயுதசாலையின் யந்திரங்களைக் கழற்றித் தெற்கே ஹூனானுக்கும், பின்னர் மேற்கே மலைநாட்டுக்கும் கொண்டுபோயினர். நான்கிங்கில் இருந்த ஜின்லிங் ஆயுதசாலை 1937 நவம்பரில் இடம் பெயர்ந்து, 1938 மார்ச் மாதத்தில் சுங்கிங்கில் மறுபடியும் வேலை தொடங்கிற்று. ஹான்யாங்கின் செயலற்ற உருக்காலையையும் பெயர்த்தெடுத்தனர். 1938 அக்டோபரில் ஹாங்கோ வீழ்ந்தபோது, இச்சாங் துறைமுகத்தில் தேசத்தின் தொழில் முழுவதும் மூட்டைகளாகவும் பெட்டிகளாகவும் குவிந்து கிடந்தது. அதற்கு மேலே நதி மலையிடுக்குகளில் பாய்வது. பெரிய கப்பல் ஏறாது. நீர் வற்றுவதற்கு மீதமிருந்த நாட்கள் சுமார் நாற்பது. லூ சோ-பூ என்ற சீன வியாபாரியின் கப்பல் கம்பெனி, நதியைப் பல பகுதிகளாகப் பிரித்து, சிறு கப்பல்களையும் மரப்படகுகளையும் கொண்டு, அந்நாட்களுக்குள் பெரும்பாலான யந்திரங்களை மேலேற்றிவிட்டது. கரையோரமாகக் கயிறு பிடித்துப் படகிழுத்த கூலிகளின் பெயர்கள் எந்தச் சாஸனத்திலும் இல்லை. சீனத்தை மீட்டவர்களின் ஜாபிதாவில் அவர்களுக்கு முதல் ஸ்தானம் கொடுப்பதே நீதி.

சுங்கிங்கில் ஆயுதசாலைகள் பாறையைக் குடைந்த குகைகளுக்குள் புகுந்தன. 1938 முதல் 1943 வரை அந்நகரத்தின் மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. மேலே நகரம் எரிந்தது. கீழே கடைசல் யந்திரம் சுழன்றது. உருக்கும் மரமும் தட்டுப்பட்டதால் துப்பாக்கியின் மெருகு குறைந்ததுண்டு. ஆயினும் உற்பத்தி நிற்கவில்லை. சுங்-செங் துப்பாக்கிகளின் மொத்தக் கணக்கு சில லட்சங்களுக்கு எட்டியது என்பது ஆராய்ச்சியாளர்களின் மதிப்பு. எட்டு வருஷத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைச் சேனையில் சேர்த்த தேசத்துக்கு இது போதாது என்பது உண்மையே. ஆனால் இதுவும் இல்லாதிருந்தால்? அதே காலத்தில் வடக்கே தாய்ஹாங் மலைகளில், கம்யூனிஸ்டுகளின் எட்டாவது சைன்யத்தார் எதிரியின் ரயில் தண்டவாளங்களைப் பெயர்த்துக் காய்ச்சி, 1940-இல் தமக்கென்று ஒரு துப்பாக்கியைச் செய்தனர். கொள்கையில் கீரியும் பாம்புமாக இருந்த இரு கட்சியாரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே முடிவுக்கு வந்தது கவனிக்கத்தக்கது.

சீனத்தின் இக்கதை நமது மண்ணையும் தொட்டுச் சென்றது. 1938-இல் காங்கிரஸ் மகாசபை சீனத்துக்கு ஐந்து வைத்தியர்களை அனுப்பியது. அவர்களில் டாக்டர் கோட்னிஸ் 1942-இல் அங்கேயே உயிர் நீத்தார். அதே 1942-இல், பர்மாவில் தோற்றுப் பின்வாங்கிய சீனச் சிப்பாய்கள் பீகாரைச் சேர்ந்த ராம்காருக்கு வந்து சேர்ந்தனர். 1940-இல் மௌலானா ஆஸாத்தின் தலைமையில் காங்கிரஸ் கூடிய ராம்கார்தான் அது. அங்கே அவர்களுக்கு அமெரிக்கத் துப்பாக்கியும் அமெரிக்கத் தோட்டாவும் அளிக்கப்பட்டன. நன்கு பயின்று, பர்மாவுக்குத் திரும்பி வென்றார்கள். ஆயினும் அந்த அமெரிக்கத் தோட்டா சுங்கிங்கின் குகைகளில் செய்த துப்பாக்கியில் ஏறாது. இரவல் ஆயுதம் வெற்றியைக் கொடுத்தது. அதனுடன், ஒருவாறு நீங்கி வந்த பழைய பிரிவினையையும் சேர்த்தே கொடுத்தது.

இனி, தலைவர் பெயரைச் சூட்டிய விஷயம். 1945-இல் ஜப்பான் சரணடைந்தது. 1946 முதல் சீனர் சீனரைச் சுட்டனர். சியாங்கின் பெயர் தாங்கிய துப்பாக்கிகள் ஆயிரக்கணக்கில் அவருடைய எதிரிகளின் கைக்கு மாறின. 1949-இல் அவர் தீவுக்கு ஓடினார். அவர் பெயர் கொண்ட துப்பாக்கி 1950-இல் செஞ்சீனத் துருப்புகளின் தோளில் ஏறிக் கொரியாவுக்குச் சென்றது. ஜனங்களின் உழைப்பால் உருவான ஒரு பொருளின் மேல் ஒரு மனிதரின் பெயரைப் பொறிக்கலாம். ஆனால் அது அவருக்குச் சொந்தமாகிவிடாது. தேசத்தின் சொத்துக்குத் தேசத்தின் பெயரே போதும். தலைவர்களைத் துதிப்பதில் அளவு கடந்து செல்லும் நமது அன்பர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறோம்.

சீனம் தன் பாடத்தைக் கற்றது. ருஷ்ய மாதிரிகளின் வரைபடங்களைப் பெற்று, 1950-களில் தன் ஆலைகளிலேயே புதிய துப்பாக்கிகளைச் செய்தது. 1962-இல் இமயமலைச் சரிவில் நமது ஜவான்களுக்கு எதிரே நின்றவை அந்தத் துப்பாக்கிகள். நமது ஜவான்களின் கையிலோ, பிரிட்டிஷார் விட்டுச்சென்ற மாதிரியான .303 துப்பாக்கி. இஷாபூர் ஆயுதசாலையில் புதிய தானியங்கித் துப்பாக்கியின் உற்பத்தி தொடங்கியது 1963-இல்தான். மறுபடியும் தாகத்துக்குப் பின் வெட்டிய கிணறு! அதற்குப் பிறகு நமது நிபுணர்கள் 5.56 மில்லிமீட்டர்த் துப்பாக்கி ஒன்றைச் சொந்தமாக வகுத்தனர். அதில் குறைகள் தோன்றின. அவற்றைப் பொறுமையுடன் நீக்கி மேலே செல்வதற்குப் பதிலாக, 2019-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு துப்பாக்கியை வாங்கினோம். 2021-இல் ருஷ்ய மாதிரி ஒன்றை அமேதி ஜில்லாவின் கோர்வாவில் செய்ய ஒப்பந்தமிட்டோம். இவ்விரண்டின் குழலும் 7.62 மில்லிமீட்டர்தான், ஆனால் தோட்டாவின் கூடு ஒன்றில் 51 மில்லிமீட்டர் நீளம், மற்றதில் 39. ஆக, ஒரே சேனைக்கு மூன்று வகைத் தோட்டா. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காரணம் சொல்ல உத்தியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். மூன்றையும் சேர்த்துக் கேட்டால் விடை சொல்வார் யார்?

நாம் யுத்தத்தை விரும்புபவர்களல்லோம். அஹிம்சையால் விடுதலை பெற்ற தேசம் துப்பாக்கியைப் பூஜை செய்ய வேண்டியதில்லை. ஆனால் சேனை ஒன்று வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கு ஜனங்களின் வரிப்பணத்தைக் கோடி கோடியாகக் கொட்டுகின்ற சர்க்கார், அச்சேனையின் உயிர்நாடியைப் பிறர் கையில் விட்டுவைப்பது பாதி சுதந்திரத்தை விற்பதற்கு ஒப்பாகும். நமது கோரிக்கை சுருக்கமானது. நல்லதொரு மாதிரியை ஆராய்ந்து தேர்ந்தெடுங்கள். தேர்ந்த பிறகு பத்து வருஷமாயினும் அதில் நிலைத்து நில்லுங்கள். உருக்கு முதல் தோட்டாக் கூடு வரையில் அனைத்தும் நமது தேசத்திலேயே ஆகும்படி செய்யுங்கள். குறை கண்டால் திருத்துங்கள், கைவிடாதீர்கள். சீனத்துக்கு இரண்டு வருஷ அவகாசமே கிடைத்தது. மீதி வருஷங்களுக்கு அந்த ஜனங்கள் உயிரால் ஈடு செய்தார்கள். நமக்கு அதைவிட மிகுந்த அவகாசம் கிடைத்திருக்கிறது. அது எத்தனை வருஷம் என்பதை நிர்ணயிப்பது நாமல்ல; நமது எல்லைக்கு அப்பால் இருப்பவன்.